பேர் இல்லாத நம்பர்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் அதைச் சத்தமில்லாமல்தான் சொன்னாள்.

"ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் ஆம்புலன்ஸ் கம்ப்யூட்டர நம்பலண்ணா. அனுப்புன ஈசிஜிய வாங்கவே இல்ல. ஆம்புலன்ஸ்ல இருந்த ஆளு செத்துட்டாரு."

பக்கத்திலிருந்தவர் கழுத்திலும் அவளுடையதைப் போன்ற அடையாள அட்டை.

"நம்பலாம்னு சொல்ற கம்ப்யூட்டர் சர்டிபிகேட் முடிஞ்சிட்டா அப்டித்தாம்மா."

"புதுசு தானா வரணுமே. சர்டிபிகேட்டுல கையெழுத்து போட்டுக் குடுக்கற சிஸ்டம் எல்லாத்துக்கும் சேத்து நம்ம கம்ப்யூட்டர் அக்கவுண்ட்ல ஒண்ணுதான கீது. யார் யார் அதாண்ட கேக்கலாம்னு பாலிசின்ற அனுமதி லிஸ்ட்ல ஒவ்வொருத்தர் அக்கவுண்ட் நம்பரும் போட்டு வெச்சிருக்கோம். ஆம்புலன்ஸோட அக்கவுண்ட் நம்பர மட்டும் யாரோ எட்த்துட்டாங்க."

"எப்போ?"

"எப்பவோ. பழைய சர்டிபிகேட் அதுபாட்டுக்கு ஓடிக்கினு இருந்துச்சி, யாருக்கும் தெரியல. அது முடிஞ்ச அன்னிக்கு ட்யூட்டில நான் இருந்தேன். வேலைக்கு வராதன்னுட்டாங்க. வூட்ல இன்னா சொல்றதுன்னே தெரியல."

"தைரியமா இரும்மா."

மாகறலில் அவள் இறங்கினாள். மறந்து வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைச் சன்னல் வழியாக நீட்டியவர் அவர்தான். பேருந்து நகர்ந்ததும் போனை எடுத்தார்.

"எறங்கிட்டா. இல்லடா, சொல்லல. லிஸ்ட்ல வெறும் நம்பரா கீதே, பேர் இல்லியே, பழசு போலன்னு நான்தான் எட்த்தேன். யார் எட்த்ததுன்னு கம்ப்யூட்டர் லாக்ல பதிவாகியிருக்கும். அந்த லாக்க எத்தினி நாள் வெச்சிருப்பாங்க, அத மட்டும் கேட்டுச் சொல்லு."