கரையடி அம்மனுக்குச் சூடம் இல்லாமல் போன கதை

மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், வெயில் அடித்தால் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும், அப்படி ஒரு கரிசல் மண். நம்ம தாத்தனுக்குத் தாத்தன் அரைஞாண் கயிறோடு திரிந்த காலம். அந்த மண்ணில், அந்தக் காலத்தில், புளியங்கால்பட்டி என்று ஒரு ஊர் இருந்ததாம். ஊருக்கு ஒரு அம்மன், கரையடி அம்மன். அம்மன் கோயில் சுவரை ஒட்டி ஒரு வீடு. அந்த வீட்டு மருமகள் ஆவுடைக்கனி.

ஆவுடைக்கனி கைப்பிள்ளைக்காரி. பிள்ளைக்கு நாலு மாசம். ஒருநாள் தொண்டை வலி என்றாளாம். அப்புறம் காய்ச்சல் என்றாளாம். மூட்டெல்லாம் வீங்கி, வடிந்தது. வடிந்த பிறகுதான் ஆட்டம் வந்ததாம். வலது கை தானாக வெட்டி இழுக்கும். தோள் துள்ளும். நாக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும். செம்பில் தண்ணி எடுத்தால் பாதி முகத்தில் கொட்டும்.

மாமியார்க்காரி பேர் பிரமு. “நடுங்குற கையில பிள்ளை இருக்கக் கூடாது” என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாளாம். பால் குடிக்கிற நேரத்துக்குக் கொண்டுவருவாள். தானே மார்போடு வைத்துப் பிடித்திருப்பாள். குடித்த வாய் மூடுமுன் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

“ஒரே ஒரு வாட்டி மடியில போடுங்கத்தே.”

“பேய் போகட்டும், போடுதேன்.”

புருஷன் சங்கிலி? இருந்தானாம். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு இருந்தானாம். அவனைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

பேயை ஓட்டக் கோடாங்கி குருநாதனைக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் கோயில் முற்றத்தில் அவளை உட்கார வைப்பானாம். வெற்றிலையைக் குதப்பி, அந்தச் சாற்றை அவள் முகத்தில் துப்புவானாம். அது கன்னத்தில் வழிந்து கழுத்துக்குள் இறங்கும். துடைக்க விடமாட்டான். பிறகு அவள் உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்துவான். கை வெட்டி இழுக்கும், நெருப்பு பறக்கும்.

“பாத்தீகளா? நெருப்பக் கண்டதும் எப்படிக் குதிக்கான்னு பாத்தீகளா?”

ஜனம் சிரிக்கும். ஆமாம், சிரிக்கும். பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டி வந்தார்களாம். மடி நிறைய வறுத்த கடலை. தின்று தின்று தொலியை அங்கேயே துப்புவார்களாம். ஒருத்தன் எழுந்து அவளைப் போலவே தோளைத் துள்ளிக் காட்டுவான், அதற்கு ஒரு சிரிப்பு. ஒருத்தி தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டக் கிண்ணத்தோடு வருவாளாம். ஆட்டத்தைக் காட்டினால்தான் அது வாயைத் திறக்குமாம். சொல்லவே கூடாதுதான். ஆனால் அப்படித்தான் சொன்னார்கள், அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒரு கை கொப்புளித்துச் சீழ் வைத்தால், அடுத்த வெள்ளிக்கு மறு கை.

இப்படியே ஆறு வெள்ளி போனதாம்.

ஏழாவது வெள்ளிக்கு வந்து சேர்ந்தார் அவளுடைய தாய்மாமன் வன்னியப்பர். கல்கத்தாவில் ரயில் பார்சல் ஆபீசில் இருந்தவர். அங்கே ஒரு வங்காளியிடம் ஓமியோபதி படித்தவர். கையில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் சின்னச் சின்னக் குப்பிகள், குப்பிக்குள் கடுகு மாதிரி வெள்ளை உருண்டைகள். வந்தவர் கூட்டத்தைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து மருமகள் முகத்தைத் துடைத்தார். அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தாராம்.

“தாயி, ஒனக்கு வெயில் ஒத்துக்கிடுமா, குளிர் ஒத்துக்கிடுமா?”

“குளிர்னா கூடுது மாமா.”

“புளிப்பு கேக்குதா, இனிப்பு கேக்குதா?”

பிரமு முகத்தைச் சுளித்தாளாம். “பேய்க்குப் பண்டமா கேக்கீக? நல்லா இருக்கு ஒங்க வைத்தியம்!”

“மதினி, நீங்க சொல்லுங்க. தூங்கும்போது கை ஆடுதா?”

“தூங்கும்போது எதுக்கு ஆடுது? கட்ட மாதிரிக் கெடப்பா.”

“அப்ப ஒங்க பேய் ராத்திரி ஆனா தூங்கிருதாக்கும். பகல்ல மட்டும், அதுவும் கடலை திங்க ஆள் வந்தா மட்டும் முழிக்குதாக்கும்.”

பிரமு பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாளாம்.

“இது பேய் இல்ல, நரம்புச் சீக்கு” என்றார். நாலு உருண்டையைத் தாளில் தட்டி அவள் நாக்கில் போட்டார். ஒரு பத்தியமும் சொன்னாராம். “சூடம் வாடை ஆகாது. சூடம் வாடை பட்டா இந்த மருந்து செத்துப்போகும். நாப்பது நாள் இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கமும் சூடம் எரியக் கூடாது.”

சுவத்துக்கு அந்தப் பக்கம் யார்? அம்மன்!

கோடாங்கி குதித்தான். “அம்மனப் பட்டினி போடச் சொல்லுதாரு கல்கத்தாக்காரரு!”

“ஏன்வே, அம்மன் சூடத்தையா திங்கா?” என்றார் வன்னியப்பர்.

ஊர் கூடிப் பேசியது. தாய்மாமன் வார்த்தையைத் தட்ட முடியாது, வருசம் ஒருக்கா அம்மனுக்கு எடுக்கிற கொடைத் திருவிழாவையும் விட முடியாது. கொடை வரைக்கும் சூடம் ஏற்றுவதில்லை, கொடையன்று பார்த்துக்கொள்வோம் என்று முடித்தார்களாம். கொடைக்கு இருபது நாள் இருந்தது.

அந்த இருபது நாளும் நெருப்பு இல்லை, எச்சில் இல்லை, கூட்டம் இல்லை. கைப் புண் காய்ந்தது. தோள் துள்ளுவது கொஞ்சம் அடங்கியது. செம்புத் தண்ணியில் முக்கால் பங்கு வாய்க்குப் போனதாம். ஊருக்குச் சந்தோசமா? அதுதான் இல்லை. “என்னவே, ஆட்டம் கொறஞ்சிட்டாமே, இனி என்னத்தப் பாக்க?” என்று குறைப்பட்டார்களாம். இப்படிக் குறைப்பட்டதும் மனுஷர்கள்தான்.

கொடை வந்தது. மத்தியானக் கொடை. மேளம் அடிக்கிறது, கடலை வந்துவிட்டது, சோற்றுக் கிண்ணமும் வந்துவிட்டது. கோடாங்கி ஒரு தாம்பாளம் நிறையச் சூடம் அடுக்கிக்கொண்டு வந்தான். வன்னியப்பர் குறுக்கே நின்றார். தள்ளினார்கள். பெட்டி விழுந்து குப்பிகள் உடைந்து, உருண்டை எல்லாம் புழுதியில் சிதறியதாம். அதையும் மிதித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள், நன்றாகத் தெரிய வேண்டுமே!

அப்போது ஆவுடைக்கனி எழுந்தாள். கை ஆடுகிறது, தோள் துள்ளுகிறது. ஆனால் குரல் ஆடவில்லையாம்.

“ஏத்துங்க. ஆனா மொதல்ல ஒங்க கையில ஏத்துங்க. அம்மன் மேல ஆணை. சூடம் எரிஞ்சு அணையுற மட்டும் யாரு கை ஆடாம இருக்கோ, அவுகளுக்குப் பேய் இல்ல. அவுக வந்து என் பேய ஓட்டட்டும்.”

மேளம் நின்றது. கொடையன்று அம்மன் மேல் ஆணை வைத்துவிட்டாள், மீற முடியுமா?

கோடாங்கி சிரித்தான். “பேய் புடிச்ச பொம்பளைக்கு வாயப் பாரு” என்று உள்ளங்கையில் சூடத்தை வைத்து ஏற்றினான். ஒன்று எண்ணலாம், இரண்டு எண்ணலாம். மூன்றுக்குக் கை வெட்டி இழுத்தது. நெருப்பு பறந்து அவன் வேட்டியிலேயே விழுந்தது. குதித்தானாம் பாருங்கள்! ஜனம் சிரித்தது. அதே சிரிப்பு, அதே வாய்.

“சிரிச்சவுக வாங்க” என்றாள் ஆவுடைக்கனி.

சிரிப்பு நின்றது. தோளைத் துள்ளிக் காட்டினானே, அவனைத்தான் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வந்தான், ஏற்றினான், உதறினான். அடுத்தவன் வந்தான், உதறினான். இப்படிப் பன்னெண்டு பேர். பன்னெண்டு கையும் ஆடியது. மற்றவர்கள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தர் வண்டியைப் பார்க்கப் போனார். ஒருத்தர் மாட்டைப் பார்க்கப் போனார். சோற்றுக் கிண்ணக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். கோடாங்கி தாம்பாளத்தை எடுக்காமலே போனான்.

அவளுக்குச் சுகமாச்சா என்றால், ஆச்சாம். மூணு மாசத்தில் ஆட்டம் சுத்தமாக நின்றதாம். உருண்டை நிறுத்தியதா, காலம் நிறுத்தியதா, கையில் நெருப்பு வைக்காமல் விட்டதால் நின்றதா, எனக்குத் தெரியாது. சொன்னவர்களுக்கும் தெரியாது. அன்றையிலிருந்து கரையடி அம்மனுக்குச் சூடம் கிடையாது. நல்லெண்ணெய் விளக்குத்தான். கொடை பார்க்கப் போகிற யாராக இருந்தாலும் வாசலில் இரண்டு கையையும் வெறுமனே விரித்து நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கை கொஞ்சம் ஆடும். ஆடினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், நீட்டுகிறதே அதற்காகத்தான்.

ஆனால் முற்றத்தில் அன்றைக்கு இன்னும் ஒரு ஆள் போகாமல் நின்றது. பிரமு. இடுப்பில் பிள்ளை. அவள் சூடம் ஏற்றவில்லை, பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

ஆவுடைக்கனி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“அத்தே, ஒங்க கை ஆடுது.”

பிரமு குனிந்து தன் கையைப் பார்த்தாளாம். ஆடத்தான் செய்தது.

“நடுங்குற கையில பிள்ளை இருக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானத்தே.”

 பிரமு பிள்ளையை ஆவுடைக்கனி மடியில் கிடத்தினாள். பிள்ளை, முகத்துக்கு நேரே ஆடிய தாயின் விரலை எட்டிப் பிடித்துக்கொண்டது. பிரமு முந்தானையை இழுத்துக் கையைப் பொதிந்துகொண்டு, முற்றம் முழுக்கக் கிடந்த கடலைத் தொலி காலடியில் நொறுங்க நொறுங்க நடந்து போனாள்.