லமெட்டா என்று எழுதிய பெட்டி

— ஏன் ரோஸ்வித்தா, அந்தப் பெட்டியைத் துணி போட்டு மூடி வச்சிருக்கே? பாரு, மரம் மொட்டையா நிக்குது. குழந்தை கிஸேலா எழுந்து வந்தா அழப்போறா.

— நீங்களே தொறந்து பாருங்க அண்ணி. பரண்ல இருந்துச்சு. மேல 'லமெட்டா'ன்னு உங்க தம்பி கையெழுத்து. கிறிஸ்துமஸ் மரத்துக்கு ஜிகினா இழைதானேன்னு இறக்கினேன்.

— வேற என்ன இருக்கும். சண்டை நாள்ல விமானத்துலேருந்து வெள்ளித் தகடா கொட்டுச்சே, அதைப் பொறுக்கித்தான் நாங்க மரத்துல கட்டினோம். அதுவாத்தான் இருக்கும், பாரு.

— பட்டாளத்துக்காரங்க இன்னொண்ணையும் லமெட்டாம்பாங்க. நெஞ்சுல மாட்டுற பதக்கத்தை. எங்கப்பா அப்படித்தான் கிண்டல் பண்ணுவார். பெட்டியில இருக்கறது அதுதான் அண்ணி. சண்டையில வீரம் காட்டினவங்களுக்குக் குடுக்கற இரும்புச் சிலுவையே ரெண்டு இருக்கு.

— கறுப்புச் சந்தையில சிகரெட்டுக்கு மாத்தியிருப்பான். அப்ப யாரு விக்கல.

— பட்டாளத்துல ரொட்டி சுட்டேன்னு சொல்லித்தான் என்னைக் கட்டினார். துப்பாக்கியையே தொட்டதில்லையாம்.

— எங்க லோரென்ஸ் ரொட்டிதான் சுட்டான். அதுல பொய் இல்ல.

— கல்யாணமான புதுசுல மாவு பிசையச் சொன்னேன், கையெல்லாம் அப்பிக்கிட்டு முழிச்சார். நான் சிரிச்சேன். அன்னைக்கே கேட்டிருக்கணும்.

— பெட்டியை மூடு ரோஸ்வித்தா. மீன் வாங்கப் போனவன் வந்துடப் போறான்.

— வரட்டும். அடியில ஒரு போட்டோ இருந்துச்சு. இத்தனை பதக்கத்தையும் மாட்டிக்கிட்டு நிக்கறவர் என் புருஷன்தான். கூட, பதக்கம் குடுத்தப்போ குடுத்த காகிதம். அதுல லோரென்ஸ்னு பேர் இல்ல அண்ணி.

— உரக்கப் பேசாதே. குழந்தை தூங்குது.

— கல்யாண மோதிரத்தை எடுத்துக் குடுத்தது நீங்க. அஞ்சு வருஷமா நான் யார்கூடக் குடும்பம் நடத்தறேன்னு நீங்கதான் சொல்லணும்.

— உக்காரு. சொல்றேன். சண்டை முடிஞ்சதும் எங்க ஊரு பிரெஸ்லாவுலேருந்து எங்களைத் துரத்தி இந்த ஃபூர்த்துல கொண்டுவந்து விட்டாங்க. இங்க எங்களைத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்ல. சண்டைக் கைதிங்களைத் திரும்பக் கூட்டிவர்ற ரயில் வரும்போதெல்லாம் எங்கம்மா லோரென்ஸ் போட்டோவைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிப்பாங்க. ஒருநாள் இறங்கினவன் ஒருத்தன் அந்தப் போட்டோவைப் பாத்து அப்படியே நின்னுட்டான். அவன் கையில எங்க லோரென்ஸோட கடிகாரம்.

— செத்த சேதி சொல்ல வந்தவரா?

— சொல்லத்தான் வாயைத் தொறந்தான். அதுக்குள்ள அம்மா கடிகாரத்தைப் பாத்துட்டு, 'வந்துட்டியா'ன்னு அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டாங்க. அவன் என்னைப் பாத்தான். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கு அம்மா வயிறாரச் சாப்பிட்டாங்க. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம்.

— அத்தை போய் மூணு வருஷமாச்சு. அதுக்கப்புறமாவது 'நீ யாரு'ன்னு அவர்கிட்ட கேட்டிருக்கலாமே?

— கேட்டா போயிடுவானோன்னு பயம். எனக்கும் வேற யாரு இருக்கா. அந்தக் காகிதத்தை எடு, எனக்குக் கண்ணாடி இல்லாம எழுத்து தெரியாது. நீ படி. ஏழு வருஷமா தம்பி தம்பின்னு கூப்பிடறேனே, அவன் பேரு என்ன ரோஸ்வித்தா?