சுடாமல் விட்ட மான்

காலில் குளிர் ஏறினால் தலைக்குத் தொப்பி போடு என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். நீங்கள் இந்த ஊர்ப் போலீஸ், சிரிக்க மாட்டீர்கள், டெபுடி. உங்கள் அப்பாவும் நானும் மினசோட்டாவின் இந்தக் காட்டில்தான் பரண் கட்டினோம். கடுங்குளிரில் பரணில் உட்கார்ந்து மானுக்குக் காத்திருப்பவன் பாதத்தைக் காப்பாற்றிக்கொள்ள மந்திரம் ஒன்றும் வேண்டாம். நாலைந்து விஷயம் தெரிந்தால் போதும். எனக்கு அவை எல்லாமே தெரியும். அதனால் ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்லப் போவதில்லை.

வழக்கறிஞர் வரட்டும் என்கிறீர்கள். தேவையில்லை. இந்தக் காபிதான் ஆறிப்போயிற்று, வேறு கொடுத்தால் நல்லது.

என் மகள் மாரிட் தாயில்லாப் பெண். அவளை ஒற்றை ஆளாக நின்று வளர்த்தேன். எழுதப் படிக்கக் கற்றதோடு சேர்த்துத் தடம் பார்க்கவும் கற்றாள். பனியில் பதிந்த குளம்பைப் பார்த்தே மான் நின்றதா, ஓடியதா, எதைக் கண்டு மிரண்டது என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள், சுரங்கத்தில் லாரி ஓட்ட வந்த அரிசோனாக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். பெயர் வெஸ்லி. அவன் கெட்டவன் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான். நான் எதைச் சொன்னாலும் வேதவாக்காக எடுத்துக்கொள்வான்.

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் மாரிட் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் நாங்க அரிசோனா போறோம். இவரோட அண்ணன் அங்க வேலை பாத்து வச்சிருக்காரு."

"எப்ப திரும்புவீங்க?"

"திரும்பறதா? குடியே போறோம்ப்பா."

வெஸ்லி வாய் நிறைய மான்கறியோடு சிரித்தான். "நீங்களும் கெளம்பி வந்துருங்க மாமா. அங்க வருசம் பூரா செருப்புதான். சாக்ஸ்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோயிரும்."

இருவரும் சிரித்தார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பார்களே, நானும் சிரித்து வைத்தேன். மறுநாள் மரக்கடைக்குப் போய்ப் பலகை வாங்கினேன். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

பரண் ஆசை அவனுக்குத்தான் வந்தது. நான் கூப்பிடவில்லை. "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ உங்ககூட வேட்டைக்கு வரணும் மாமா. இல்லன்னா இந்த ஊர்க்காரங்க என்னைய ஒரு ஆளாவே மதிக்க மாட்டாங்க" என்றான். அடுத்த மூச்சிலேயே, "குளிரைக்கூடத் தாங்கிருவேன், காலுக்குத்தான் பயம். என்ன பண்ணணும்னு சொல்லுங்க, அப்படியே பண்றேன்" என்றான்.

கேட்டான், சொன்னேன்.

பருத்திக் காலுறை ரெண்டு ஜோடி போடு என்றேன். பூட்ஸ் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் காற்றுப் புகாது, கயிற்றை நன்றாக இழுத்துக் கட்டு என்றேன். பரணுக்கு வேகமாக நட, உள்ளே சூடு பிடிக்கும் என்றேன். மேலே ஏறிய பிறகு விரலைக்கூட அசைக்காதே, மானுக்குப் பாம்புக் காது என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். உங்களுக்கு இப்போதே முகம் மாறுகிறது, டெபுடி. வேகமாக நடந்தால் பாதம் வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தை விடாது. இறுக்கிக் கட்டினால் ரத்தம் இறங்காது. நான் என்ன செய்வேன்? மெல்ல நடப்பேன். பையில் கம்பளிக் காலுறை கொண்டுபோய், பரணில் ஏறிய பிறகு மாற்றிக்கொள்வேன். பூட்ஸைத் தளர்த்தி, மேலே பஞ்சு உறையை மாட்டிக்கொள்வேன். நாள் முழுக்க உள்ளே விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருப்பேன். இரும்புப் பரணில் கால் வைக்கும் இடத்தில் ஒரு கம்பளத் துண்டு கிடக்கும், இல்லாவிட்டால் இரும்பு கீழிருந்தே சூட்டை உறிஞ்சிவிடும். வெஸ்லியின் பரணில் கிடந்த துண்டை முந்தின நாளே போய் எடுத்துவிட்டேன்.

வேட்டை நாளையும் நான்தான் குறித்தேன். அன்றைக்கு மாரிட்டுக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. அவள் வீட்டில் இருந்திருந்தால் அவன் காலை ஒரு பார்வை பார்த்ததுமே, கழற்றுங்க என்றிருப்பாள். பூஜ்யத்துக்குக் கீழே இருபதுக்கும் மேல் போகும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். முந்தின இரவே பனி பெய்து ஓய்ந்துவிட்டது.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும், ஆளுக்கு ஒரு பரண். மூத்தவன் வந்து அழைக்கும் வரை யாரும் பரணைவிட்டு இறங்கக் கூடாது, துப்பாக்கி நடமாடும் காடு. வெடிச்சத்தம் கேட்டால் மட்டும் இறங்கி அந்தத் திசைக்கு வரலாம், மானை இழுக்க ஆள் வேண்டுமே. இதையும் வெஸ்லியிடம் சொல்லியிருந்தேன். இது ஒன்றுதான் அவனிடம் நான் சொன்ன உண்மை.

மத்தியானத்துக்கு முன்னால் அந்த மான் வந்தது. கிளை கிளையாகக் கொம்பு, கழுத்து அடிமரம் பருமன். என் ஆயுளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. என் பரணுக்கு நேர் எதிரே நின்று பனியைக் கிளறி மேய்ந்தது. என் விரல் துப்பாக்கிக் குதிரையில் இருந்தது. சுட்டால் வெஸ்லி இறங்கி நடந்து வருவான், நடந்தால் காலுக்கு ரத்தம் வரும். விரலை எடுத்துவிட்டேன். மகளுக்காக ஒரு தகப்பன் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறான் பாருங்கள். அது மெதுவாகத் திரும்பி, எங்கும் மிரளாமல் போயிற்று.

அந்தி சாயும்போது அவனை அழைத்துவரலாம் என்று இருந்தேன். மாரிட் முந்திக்கொண்டாள். குளிர் மிஞ்சுகிறது என்று வேலையிலிருந்து பாதியில் கிளம்பி, நேரே அவன் பரணுக்குப் போய்விட்டாள். ஏணியில் கால் ஊன்ற முடியாமல் தொங்கியவனை முதுகில் தாங்கி இறக்கினாளாம். அவள் போட்ட கூச்சலில்தான் நான் போனேன்.

மருத்துவமனையில் அன்றிரவு அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மொதல்ல உயிர் போற வலி மாமா. அப்புறம் வலி நின்னுபோச்சு. சூடு ஏறிருச்சு, நீங்க சொன்ன வழி வேலை செய்யுதுன்னு நெனச்சேன். அதான் பேசாம உக்காந்துட்டேன்" என்றான். வலது பாதத்தைக் கணுக்காலோடு எடுத்தார்கள். இடது காலில் விரல்கள் எல்லாமே போயின.

வருத்தப்படுகிறேனா என்று கேட்டீர்கள். இல்லை. அவனைச் சாகடிக்க நான் நினைக்கவில்லை. நடக்க முடியாதவன் ஊர் விட்டு ஊர் போக மாட்டான் என்று கணக்குப் போட்டேன், அவ்வளவுதான். அவர்கள் தங்கக் கீழ் அறையை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்திருந்தேன். அக்டோபரில் வாங்கினேன் என்றேனே, அந்தப் பலகையில்தான் சக்கர நாற்காலி ஏற வாசலுக்குச் சரிவு செய்தேன். இதைவிட ஒரு மாமனார் என்ன செய்வான்?

மறுநாள் அவன் துப்பாக்கியை எடுத்துவர மாரிட் காட்டுக்குப் போனாள். திரும்பி வந்தவள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் எதிரே நின்றாள்.

"உங்க பரணுக்கு எதிர்ல ஒரு பெரிய ஆண் மான் நின்னு மேஞ்சிருக்கு. ஓடல, நடந்துதான் போயிருக்கு. ஏன்ப்பா சுடல?"

"கொஞ்சம் கண் அசந்துட்டேன்."

"நீங்க பரண்ல கண் அசந்ததே இல்ல." குனிந்து என் பூட்ஸைப் பார்த்தாள். "சுட்டிருந்தா அவர் எறங்கி வந்திருப்பாரு. அதான?"

நான் சொல்லாமலே புரிந்துகொண்டாள், அவ்வளவு கெட்டிக்காரி. அப்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இந்த மாவட்டத்தில் வேறு யார் அந்தத் தடத்தைப் படித்திருப்பார்கள்? நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள்.

அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. புத்தாண்டு கழிந்ததும் நாற்காலியையும் அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அரிசோனாவுக்கே போய்விட்டாள். போகிற வழியில் உங்களிடம் புகாரும் கொடுத்திருக்கிறாள். முகவரி உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஆம். நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் நீதிபதி கேட்கும்போது குற்றவாளி இல்லை என்றுதான் சொல்வேன். இருங்கள், குறுக்கே பேசாதீர்கள். அங்கே நான் ஒப்புக்கொண்டால் விசாரணையே கிடையாது, சாட்சிக்கு ஆள் வேண்டியதில்லை. மறுத்தால் அவளுக்கு அழைப்பு அனுப்பித்தான் ஆக வேண்டும். அவளும் வந்துதான் ஆக வேண்டும். என் முகத்தைப் பார்த்துப் பேசவும் வேண்டும். எப்படியும் ரெண்டு மூன்று நாள் இழுக்கும். பிப்ரவரியில் இந்த ஊர் விடுதிகளில் குழாயெல்லாம் உறைந்து கிடக்கும். என் வீட்டுச் சாவியை உங்கள் ஆட்கள் வாங்கி வைத்திருக்கிறார்கள் அல்லவா? முந்தின நாளே யாரையாவது அனுப்பி அவள் அறையில் கணப்பை மூட்டி வைக்கச் சொல்லுங்கள். அவள் வேறு எங்கே போய்த் தங்கப் போகிறாள்?