பத்தாவது ஆள்

புளூமா: இறங்குடா.

யாங்கல்: இரு, எண்ணிக்கிட்டிருக்கேன்.

புளூமா: எதை?

யாங்கல்: காரை. இந்தப் பக்கம் ஆறு. அந்தப் பக்கம்... மூலை திரும்பியும் நிக்குது பாரு. பெரெட்ஸ் வீட்டுத் துக்கம்னா வின்னிபெக் ஊரே கிளம்பி வந்துடும் போல.

புளூமா: பெத்த அம்மாவை நேத்து அடக்கம் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கான் அவன். நீ வாசல்ல கணக்கெடுக்கிற.

யாங்கல்: நம்ம வழக்கப்படி ஆளைத்தான் எண்ணக்கூடாது. காரை எண்ணலாம்.

புளூமா: அக்கா சொல்றேன், இறங்கு. மடியில சூப்பு சுடுது. இருட்டுறதுக்குள்ள ஜெபத்தை ஆரம்பிக்கணும்.

யாங்கல்: ஆரம்பிக்கட்டுமே, யாரு தடுத்தா? நம்ம யூத ஜெபத்துக்குப் பத்து ஆம்பிளை இருந்தாப் போதும். அங்க நாப்பது பேர் இருப்பாங்க. நான் போய் எதுக்கு... கோட்டு மாட்டுற ஆணிக்குக் கீழ நிக்கவா?

புளூமா: துக்கம் கேக்க வந்தவன் பேசுற பேச்சா இது?

யாங்கல்: உனக்குத் தெரியாதுக்கா. அவன் தும்மினா அஞ்சு வீட்டுலேருந்து சூப்பு வரும். பித்தப்பையை எடுத்தாங்களே, அப்போ அவன் வீட்டு ஃப்ரிட்ஜை மூட முடியல. நான் கால் ஒடிஞ்சு கிடந்தேன். எத்தனை பேர் வந்தாங்க, சொல்லு?

புளூமா: ஒருத்தர் வந்தாரே.

யாங்கல்: வந்தாரு. நாளைக்கு ஜெபத்துக்கு யார் யாரைக் கூப்பிடணும்னு கேட்டு எழுதிக்கிட்டுப் போக வந்தாரு.

புளூமா: ஐயோ... சிரிக்கக்கூடாது, சிரிப்பு வருது.

யாங்கல்: சிரி. நல்லா சிரி. இத்தனை வருஷமா ஜெபாலயத்துக்கு ஆள் சேக்குறது யாரு? பனி கொட்டினாலும் ஃபோனைப் போட்டு, ‘பத்துக்கு ஆள் குறையுது, வந்துட்டுப் போங்க’ன்னு கெஞ்சுறது நான். ஒருநாள்... ஒரே ஒருநாள், ‘யாங்கலைக் காணோமே, கொஞ்சம் இருங்க’ன்னு எவனாவது சொல்லியிருக்கானா? பெரெட்ஸ் கொஞ்சம் பிந்தினா மட்டும் எல்லாரும் ஜன்னலை ஜன்னலைப் பாக்குறாங்க.

புளூமா: அவன் பாடுறான், நாலு பேரைச் சிரிக்க வைக்கிறான். நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க.

யாங்கல்: நம்ம அப்பா துக்கத்துல சிரிக்க வைக்க வந்தானா?

புளூமா: அந்தப் பேச்சை எடுக்காதே.

யாங்கல்: எடுப்பேன். அந்தப் பனிப்புயல் அன்னிக்கு ஒன்பது பேர் இருந்தோம். ஒரே ஒரு ஆள் குறைஞ்சுது. இருட்டுற வரைக்கும் வாசலையே பாத்தேன். வரல. செத்தவங்களுக்குப் பிள்ளை சொல்ற காதிஷ் ஜெபத்தை அப்பாவுக்கு அன்னிக்குச் சொல்ல முடியல. வாய்க்குள்ள வச்சுக்கிட்டே படுத்தேன். தனியா நின்னு சொல்ற ஜெபமா அது? பெரெட்ஸ் வீடு ரெண்டு தெரு தள்ளி. ரெண்டே தெருக்கா.

புளூமா: எனக்கும் அவர் அப்பாதாண்டா... இறங்கு.

யாங்கல்: இவனுக்கு மட்டும் பாரேன். யாரும் கூப்பிடாமலேயே தெருவை அடைச்சுக்கிட்டு வந்திருக்காங்க.

புளூமா: யாரும் கூப்பிடாமலேயா? கூப்பிடுறது உன் வேலை இல்ல? காலையில கேட்டேன், எல்லாருக்கும் சொல்லியாச்சுன்னியே.

யாங்கல்: ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டு.

புளூமா: யாங்கல்.

யாங்கல்: கூப்பிடல. போதுமா? ஒருத்தரையும் கூப்பிடல. நான் கூப்பிடலேன்னா ஆள் இருக்குன்னு நினைச்சு எல்லாரும் வீட்டுல இருந்துடுவாங்க.

புளூமா: ஏண்டா இப்படி?

யாங்கல்: அவன், பசங்க, டொராண்டோவுலேருந்து வந்த சொந்தம்... எல்லாம் சேந்தாலும் பத்துக்கு ஒரு ஆள் குறையும். நேத்து அடக்கத்துலயே பாத்துக்கிட்டேன். அவனும் வாசலைப் பாக்கணும். நான் பாத்த மாதிரி. அப்புறம்...

புளூமா: அப்புறம்?

யாங்கல்: அப்புறம் நான் போவேன். நான் உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் திரும்பி, ‘அப்பாடா, யாங்கல் வந்துட்டான்’னு... ஒரு தடவைக்கா. ஒரே ஒரு தடவை.

புளூமா: அட கூறுகெட்டவனே.

யாங்கல்: திட்டு. வயிறு எரியுது, என்னை என்ன பண்ணச் சொல்ற? அதுவும் பலிக்கல, பாத்தியா? ஒரு வார்த்தை சொல்லாம ஊரே கூடிடுச்சு. நீ போய் சூப்பைக் குடுத்துட்டு வா. நான் கார்லயே இருக்கேன்.

புளூமா: அங்க ஒருத்தன் இறங்கிப் போறான் பாரு. கையில என்னது?

யாங்கல்: ...பீர்.

புளூமா: துக்க வீட்டுக்கு எவன்டா பீர் தூக்கிட்டுப் போவான்? எந்த வீட்டுக்குப் போறான்னு பாரு.

யாங்கல்: பக்கத்து வீடு. ஜன்னல்ல கொடி தொங்குது... ஹாக்கி மேட்சா?

புளூமா: ஹாக்கி மேட்ச். நீ எண்ணின காரெல்லாம் அவங்களோடது.

யாங்கல்: அப்போ பெரெட்ஸ் வீட்டுல?

புளூமா: ஒரு ஆள் குறையுது.

யாங்கல்: ...அவன் மூஞ்சியைப் பாத்து நான் என்ன சொல்றது?

புளூமா: ஒண்ணும் சொல்ல வேண்டாம். துக்கத்துல இருக்கிறவன் பேசுற வரைக்கும் வந்தவன் வாயைத் திறக்கக்கூடாது. உனக்கு வசதிதான்.

யாங்கல்: நான் யாரையும் கூப்பிடலேன்னு... அவனுக்குத் தெரியாதுல்ல?

புளூமா: தெரியும். மத்தியானமே எனக்கு ஃபோன் பண்ணினான். ‘யாருக்கும் தகவல் வரலியாமே, யாங்கலுக்கு உடம்பு சரியில்லையா’ன்னு.

யாங்கல்: அப்போ உனக்கு முன்னாடியே தெரியும்.

புளூமா: உன் வாயால வரட்டும்னு இருந்தேன்.

யாங்கல்: அவன்கிட்ட என்ன சொன்ன?

புளூமா: எனக்கு மானமே போச்சு. இப்பவே நான் எல்லாரையும் கூப்பிடுறேன்னேன். வேண்டாம்னுட்டான்.

யாங்கல்: ஏன்? பத்து பேர் இல்லேன்னா அவன் அம்மாவுக்குக் காதிஷ் கிடையாதே.

புளூமா: நானும் அதைத்தான் கேட்டேன். ‘அன்னிக்கு அவன் வாசலைப் பாத்துக்கிட்டிருந்தான், நான் பனிக்குப் பயந்து கணப்புப் பக்கத்துல உட்கார்ந்துட்டேன். இன்னிக்கு வேற யாரையும் கூப்பிடாதே. யாங்கல் வருவான், அவன் வர்ற வரைக்கும் நாங்க இருக்கோம்’னான்.

யாங்கல்: ...இதுலயும் என்னை முந்திட்டான் பாருக்கா. அந்தப் பாத்திரத்தை இப்படிக் குடு. நானே தூக்கிட்டு வர்றேன்.