படியோரத்துக் காசுகள்

மெட்டல் டிடெக்டர் வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்யும் தவறு ஒன்றுதான், ஐயா. காசு ஆழத்தில் கிடக்கிறது, கருவிக்கு எட்டவில்லை என்று கருவியைத் திட்டுவார்கள். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதைதான். கருவி பாவம், அது என்ன செய்யும்? அதன் வட்டத் தட்டை மண்ணோடு ஒட்டி, தூங்கும் குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல மெதுவாக ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினால் சாதாரணக் கருவியே ஒரு சாண் ஆழம் போகும். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் சுற்றுப்புறம் அமைதியாக இருக்க வேண்டும். நீங்கள் கேட்ட விஷயம் இந்த அமைதியைப் பற்றியதுதான்.

நான் ரேடியோ மெக்கானிக். ரிப்பேருக்கு ரேடியோ கொண்டுவர ஆளில்லாமல் போகவே கடையை மூடிவிட்டு, மிஞ்சிய சாமான்களை எடைக்குப் போட்டு இந்தக் கருவியை வாங்கினேன். குடியிருப்பது ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதி. மாடியில் வீட்டுக்காரரும் அவருடைய மருமகளும் இருந்தார்கள். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். மருமகள் பகலெல்லாம் மருந்துக் கடையில் இருப்பாள். வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடு ஆக்ஸிஜன் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். காலையில் மட்டும் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, வெளிப்படிக்கட்டில் மெல்ல இறங்கித் தோட்டத்தில் சற்று நின்றுவிட்டு மேலே போவார். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பதாகச் சொல்வார்.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்னப்பா ரேடியோ, இன்னிக்கு எந்த ஸ்டேஷன் எடுத்துது?" என்று மேலிருந்து கேட்பார். நான் காசைத் தூக்கிக் காட்டுவேன். "அடிசக்கை. மேல கொண்டா, பாக்கலாம்" என்பார். உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்ப்பார். "முப்பது வருஷம் சில்லறை இல்ல, சில்லறை இல்லன்னு ஜனங்ககிட்ட சண்டை போட்டேன். எல்லாம் உன் காலடியிலதான் கிடந்திருக்கு" என்று சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன். சின்னச் சின்ன உதவிகளில்தான் கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறவன் நான்.

முதல் காசுகள் பின்சுவர் ஓரமாகக் கிடைத்தன. பிறகு தண்ணீர்க் குழாய்ப் பக்கம். அப்புறம் துணி துவைக்கும் கல்லைச் சுற்றி. கடைசியில் படிக்கட்டின் காலடியில் மட்டும். எல்லாம் ஒரே காலத்துச் சில்லறை, புழக்கத்திலிருந்து போன சின்னக் காசுகள். அத்தனை வருஷம் மண்ணில் கிடந்தும் கறுக்கவில்லை. அது இந்த மண்ணின் குணம் என்று புரிந்துகொண்டேன். மனதுக்குள் கோடு போட்டுப் பார்த்தேன். பின்சுவரிலிருந்து படிக்கட்டை நோக்கி வரவரக் காசுகள் நெருங்கி வருகின்றன. ஆகவே ஒரு காலத்தில் அங்கே சந்தை கூடியிருக்க வேண்டும், சந்தையின் நடுவிடம் படிக்கட்டின் காலடி. மேலே அரை விரல் ஆழத்திலேயே இவ்வளவு என்றால், அடியில் எவ்வளவு இருக்கும்?

அதனால்தான் ஆழம் தேவைப்பட்டது.

ஆழத்துக்கு முதல் விதி, தட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. படியோரத்தில் மருமகள் வைத்திருந்த பூச்செடிகளைப் பிடுங்கினேன். வேரோடு, மண் உதிராமல்தான் பிடுங்கினேன். இரண்டாவது விதி, ஈரம். ஈர மண்ணில் காசின் குரல் நன்றாக எழும்பும். குழாயைத் திறந்துவிட்டு வைத்ததில் மாடித் தொட்டி காலியாகி, அந்தப் பெண் தெருக்குழாயில் குடம் பிடிக்க வேண்டியதாயிற்று. ஒரு குடத்தை நானே தூக்கிக்கொண்டுபோய் வைத்தேன். மூன்றாவது, பக்கத்தில் பெரிய இரும்பு இருந்தால் கருவிக்குக் காது அடைத்துப்போகும். படிக்கட்டின் கைப்பிடி இரும்பு. அதைக் கழற்றினேன்.

அடுத்த நாள் காலையில் அவர் மேல்படியில் நின்று வெறுங்காற்றைத் துழாவினார்.

"கைப்பிடி எங்கப்பா ரேடியோ?"

"துருப்பிடிச்சிருந்துது. பெயின்ட் அடிச்சு மாட்டலாம்னு கழட்டினேன்."

"நல்லதாப் போச்சு. ஓடற பஸ்லயே எதையும் பிடிக்காம நின்னு டிக்கெட் கிழிச்சவன். நிக்கற படியில இறங்க மாட்டேனா?"

"விழுந்து வச்சீங்கன்னா யாரு மாமா தூக்கறது?" என்றாள் மருமகள், உள்ளேயிருந்து.

"ரேடியோ தூக்குவான். கீழதானே இருக்கான்" என்றார் அவர்.

அன்று சுவரில் முதுகைச் சாய்த்து ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். கடைசிப் படியில் வெகுநேரம் குனிந்திருந்தார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன்.

மிச்சமிருந்தது இரைச்சல் ஒன்றுதான். ரேடியோ மெக்கானிக்குக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மோட்டார் ஓடும் எந்த மெஷினும் சுற்றிலும் மின் இரைச்சலைக் கொட்டும். கருவியின் திறனைக் கூட்டினால் காசின் சத்தத்தோடு இந்த இரைச்சலும் கூடும். எதையும் பிரித்தறிய முடியாது. நியாயமாக முதலில் என் வீட்டு ஃபிரிட்ஜைத்தான் அணைத்தேன். பால் திரிந்துபோயிற்று. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அதற்குப் பிறகும் கருவி கரகரத்தது. தட்டை மேலே தூக்கிப் பிடித்துத் திசை பார்த்தேன். மாடியிலிருந்து வந்தது.

மாடிக்குப் போகும் மெயின் சுவிட்ச் என் பக்கத்துச் சுவரில்தான் இருக்கிறது. ஒரு மத்தியானம் அதை அணைத்தேன். எப்பேர்ப்பட்ட அமைதி. தோட்டம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டதுபோல இருந்தது. உடனே மாடியில் மெஷின் பீப், பீப் என்று கத்தத் தொடங்கியது. அவரிடம் கூடவே ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டரும் இருந்ததால் கவலையில்லை. சிறிது நேரம் கழித்து சுவிட்சைப் போட்டுவிட்டு, டீ எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

"கரண்டு போச்சாப்பா?"

"ஆமா, தெரு முழுக்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். எதிர்வீட்டுத் தையல்காரரின் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியா. சரி. வந்துடுச்சுல்ல" என்றார். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டு, "உனக்கு எதாவது ஆப்ட்டுதா?" என்று கேட்டார். நான் சொன்னதை நம்பிவிட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத எனக்கு அது சங்கடமாக இருந்தது. அன்று சாயங்காலம் பிரார்த்தனையில் மன்னிப்புக் கேட்டேன். மனம் லேசாயிற்று.

அந்த பீப் சத்தம் தெருவரைக்கும் கேட்பதாக அவரிடம் சொன்னேன். "பாவம், அக்கம்பக்கத்துல குழந்தைங்க தூங்குமே" என்றார். மெஷினில் அந்த பீப் சத்தம் எழுப்பும் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தேன். மெக்கானிக் என்ற முறையில் காசு எதுவும் வாங்கவில்லை. அதன் பிறகு மத்தியானம் தோறும் கொஞ்ச நேரம் அணைப்பேன். அவர் சிலிண்டரைத் திறந்துகொள்வார். மருமகளிடம் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் கேட்கிற நாள், முந்தைய இரவு நல்ல மழை பெய்து வெளுத்த நாள். அப்படி ஊறிய மண் அடிக்கடி வாய்க்காது. வேலைக்குக் கிளம்பிய மருமகள் என் வாசலில் நின்றாள்.

"அண்ணா, சிலிண்டர் எப்படியோ தீர்ந்துபோச்சு. சாயங்காலம்தான் மாத்த ஆள் வருது. அதுவரைக்கும் கரண்டு கிரண்டு போனா உடனே எனக்கு ஒரு போன் அடிங்க. நீங்க கீழ இருக்கீங்கன்னுதான் தைரியமாப் போறேன்."

"நீ போயிட்டு வாம்மா. நான் இருக்கேன்" என்றேன். இருக்கத்தான் செய்தேன். தோட்டத்தை விட்டு நகரவே இல்லை.

சுவிட்சை அணைத்தேன். ஹெட்போனை மாட்டினேன். மெல்லிய சத்தத்தை ஹெட்போன் இல்லாமல் பிடிக்க முடியாது. படியின் காலடியில் தட்டு வந்ததுமே தெளிவான ஒரு மணியோசை. மாடியில் அவர் கைத்தடியால் தரையைத் தட்டுவது அதற்குள் கலந்தது. ஒலியைக் கூட்டிவைத்தேன். குழி எடுத்தபோது மண்புழுக்கள் வெளியே வந்தன. மழைக்குப் பிறகு அவை மேலே வந்துவிடும். மண்வெட்டி பட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து ஓரத்தில் விட்டேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு உயிருக்கும் தீங்கு நினைக்கிறவன் இல்லை நான். தட்டும் சத்தம் நிதானமாகிக்கொண்டே வந்து நின்றது. தூங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

காசு கிடைத்தது. அடியில் இன்னும் எவ்வளவோ தோண்டிப் பார்த்தேன், வேறெதுவும் இல்லை. குழியை ஒழுங்காக மூடினேன். பாதியில் விட்டுப்போவது எங்கள் வழக்கமல்ல. சுவிட்சை மறக்காமல் போட்டேன். காசைக் கழுவிக்கொண்டு மேலே போனேன். கிடைக்கும் எதையும் முதலில் அவரிடம்தான் காட்டுவேன். கதவோரம் உட்கார்ந்திருந்தார், மடியில் கைத்தடி. மூக்கில் குழாய் அப்படியே இருந்தது. பக்கத்தில் மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

நேற்று இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பெண் உங்கள் மேஜையில் அவருடைய பழைய தோல்பையைக் கவிழ்த்தாள். கண்டக்டர் வேலையில் இருந்தபோது, செல்லாது என்று ஜனங்கள் வாங்க மறுத்த சில்லறையைத் தன் காசைப் போட்டு மாற்றிச் சேர்த்து வைத்தாராம். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"மாமா தினம் காலையில இதுலேர்ந்து ஒண்ணு எடுத்துட்டுப் போய் மண்ணுல செருகிட்டு வருவாரு சார். ஏன் மாமா, மூச்சு முட்டுதேன்னு கேட்டா, 'கடைய மூடினதுலேர்ந்து அவன் மூஞ்சியே சரியில்லம்மா. ஒண்ணு கிடைச்சா மேல வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறான்'னு சொல்வாரு. முன்னாடி பின்சுவர் வரைக்கும் போனாரு. அப்புறம் குழாய் வரைக்கும். கடைசியில படியத் தாண்ட முடியல."

அரை விரல் ஆழத்தில் கிடந்த காசு எந்த இரைச்சலிலும் கேட்டிருக்குமே, பிறகு சுவிட்சை ஏன் அணைத்தாய் என்று கேட்கிறீர்கள். அது அவ்வளவு மேலே இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? அணைத்தது நான்தான். சிலிண்டர் காலி என்று தெரியும், தட்டியதும் காதில் விழுந்தது. எதையும் நான் மறைக்கவில்லை. மறைத்தவர் அவர். சந்தையும் இல்லை, ஒன்றும் இல்லை, நான்தான் போடுகிறேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆழமே தேவைப்பட்டிருக்காது. அவரும் இன்று ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். தேடுகிறவனின் நிலத்தில் காசைப் போட்டு ஏமாற்றுவது, கருவியோடு காசு தேடும் எங்கள் ஆட்களிடையே சின்னக் குற்றம் அல்ல. இருந்தாலும் போய்ச் சேர்ந்தவர்மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது. நேற்றைய பிரார்த்தனையில் அவரை மன்னித்துவிட்டேன்.