டிபன் பாக்ஸ் மூடி

எண்பதுகளில் ஒரு சாயங்காலம், உத்திரமேரூரில் காஞ்சிபுரம் பஸ் கிளம்பக் காத்திருந்தது. என் முன் சீட்டில் இரண்டு டீச்சர்கள். இளையவளின் மடியில் ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. அவள் எழுதிய சிறுகதை அதில் வந்திருந்தது.

"அந்த டிபன் பாக்ஸ் மூடிதான்க்கா காதல்," என்றாள்.

"மூடியா?"

"கதையில, அவன் மறந்துட்டுப் போன மூடிய அவ திருப்பிக் குடுக்கமாட்டா. தெனமும் கழுவி வெச்சிக்கினு இருப்பா. எனக்கு வாயைத் தொறந்து சொல்லத் தைரியம் இல்ல. அதான் அப்படி எழுதினேன்."

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். "கணக்கு சார் படிச்சாரா?"

"அவரு படிக்கணும்னுதானே எழுதினதே! படிச்சாரு. மூடி இல்லாம அந்த ஆளு சோத்த எப்படி எடுத்துக்கினு போவான்னு கேட்டுச் சிரிச்சாரு."

"அய்யோ! அப்புறம்?"

"அவருக்கு வாலாஜாபாத்துல பொண்ணு பாத்துட்டாங்களாம். தையில கல்யாணம். நல்லா எழுதறீங்களே டீச்சர், வாழ்த்துமடல் நீங்கதான் எழுதித் தரணும்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

பஸ் கிளம்பி ஏரிக்கரையைத் தாண்டியது. அவள் பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"பொண்ணு பேரு இன்னா சார்னு கேட்டேன்க்கா."