எட்டாம் நம்பர் இல்லாத மில்

எனக்குச் சர்க்கரை போடாத டீ போதுங்க சார். மாலதிக்கும் ஒண்ணு சொல்லிடுங்க. அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து ஸ்டேஷன் வாசல் பெஞ்சுல உக்காந்து அழுதுட்டே இருக்கு. கம்ப்யூட்டர்ல பட்டனை அமுக்கினது அதுதான். ஆனா தப்பு அதோடது இல்லை.

என் பேரு குணசேகரன். மயிலாடுதுறைக்கு இந்தப் பக்கம் இருக்கிற அந்த ரைஸ் மில்லுல இருபத்திரண்டு வருஷமா எலக்ட்ரீஷியன். முன்னெல்லாம் ஒவ்வொரு மோட்டாரையும் பக்கத்துல போய்த்தான் போடணும். போன வருஷம் இன்ஜினியரா புகழேந்தி வந்தான். மோட்டாருக்கு ஒரு டிரைவ், அதாவது மோட்டாரை ஓட்டி நிறுத்துற பெட்டி, மாட்டி, எல்லா டிரைவையும் ஒரே வயர்ல வரிசையா கோத்து, கடைசியில கம்ப்யூட்டர்ல கொண்டுவந்து சொருகினான். ஒவ்வொரு டிரைவுக்குள்ளயும் ஒரு நம்பர் வச்சிருக்கும். கம்ப்யூட்டர் எந்த நம்பரைக் கூப்பிடுதோ அது மட்டும் பேச்சைக் கேக்கும். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது.

முதலாளி பஞ்சநதத்துக்கு எட்டு ஆகாது. கார்லயும் கிடையாது, போன்லயும் கிடையாது. அதனால ஏழுக்கு அடுத்து ஒன்பதுன்னு வச்சோம். ஒன்பது, குழிக்குள்ள சுத்திச் சுத்தி நெல்லைத் தள்ளுற பெரிய இரும்பு ஸ்க்ரூ. பத்து, அந்தக் குழியில தூசியை இழுக்கிற ஃபேன்.

புகழேந்தியோட அம்மா பூவம்மாள் எங்க வயல்ல நடவு நட்டது. எனக்கு ஜாதி வித்தியாசமெல்லாம் கிடையாதுங்க. அவன் தங்கச்சி கல்யாணத்துக்குக்கூடப் போய் வாழ்த்திட்டு வந்தேன், சாப்பிடத்தான் நேரமில்லை. அவனும் தங்கமான பையன். என்னைக் கண்டா "வாங்கண்ணே, உக்காருங்கண்ணே"ன்னு நாற்காலியை இழுத்துப் போடுவான். முதலாளி எதிர்லயே அண்ணேன்னான் சார். எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. ரெண்டு நாள் சோறு இறங்கலை.

புரட்டாசியில அந்த ரெண்டு டிரைவையும் தூசி தட்டக் கழட்டினோம். திரும்ப மாட்டினது நான். உள்ள இருக்கிற நம்பரை ஸ்க்ரூவுக்குப் பத்துன்னும் ஃபேனுக்கு ஒன்பதுன்னும் மாத்தி வச்சேன். மில்லு ஓடும்போது ரெண்டும் சேர்ந்தே ஓடும், யாருக்கும் தெரியாது.

பதினோரு நாள் காத்திருந்தேன். நேத்து காலையில ஈர வைக்கோல் வந்து ஸ்க்ரூவுல சிக்கிடுச்சு. அடைப்பு எடுக்கக் கூலியாளை அனுப்ப அவனுக்கு மனசு வராது, தானே குழியில இறங்குவான். கம்ப்யூட்டர்ல ரெண்டையும் நிறுத்தினதோட சரி, மெயினை அணைக்கலை, ஏன்னா ஃபேனும் அதே மெயின்லதான் ஓடுது. பாதி அடைப்பு எடுத்ததும் உள்ள தூசி கிளம்பிடுச்சு. இருமிக்கிட்டே, "மாலதி, பத்தை மட்டும் போடும்மா"ன்னு குரல் குடுத்தான். அது பத்தைத்தான் போட்டுச்சு.

மெயின் என் கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. அணைச்சேன், கொஞ்ச நேரம் கழிச்சு. கை மட்டும்தான் போகும்னு நினைச்சேன்.

எட்டு இல்லாததால பொண்ணு குழம்பி மாத்தி அமுக்கிடுச்சுன்னு முதலாளி சொன்னார். எல்லாரும் நம்பிட்டாங்க. யாரும் குழம்பலை சார். நான் விரல் விட்டு ரெண்டு தடவை எண்ணிப் பாத்துத்தான் வச்சேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல பூவம்மாள் என்னைப் பாத்துச்சு. "நீங்கதான் ஓடிப்போய் கரண்டை நிறுத்தினீங்களாமே ஐயா"ன்னு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுச்சு. பெத்த புள்ளை உள்ள பொணமா கிடக்கையிலயும் அந்த மரியாதை போகலை பாருங்க. அதைப் புள்ளைக்கும் சொல்லிக் குடுத்து வளத்திருந்தா, நான் ஏன் சார் அவனைக் கொல்லப் போறேன்?